எதிலும் அடங்காத நாற்காலிகள்

"ஆயிரத்து ஒம்பது நாற்காலியைச் சமமா வரிசை போடத் துப்பில்லை! நீயெல்லாம் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கே!" கோட் போட்டவர் அரங்கமே அதிரக் கத்தினார்.

நாற்காலிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பத்துப் பத்தா போட்டா ஒம்பது மிச்சம் சார். பதினேழா போட்டா ஆறு. பன்னெண்டா போட்டாலும் ஒண்ணு நிக்குது."

"ஒழுங்கா எண்ணவாவது தெரியுமா?"

"மூணு தடவை எண்ணிட்டேன். ஒண்ணை மட்டும் எடுத்துட்டா அழகா அடங்கிடும் சார்."

"தொட்டே, பாரு! ஒண்ணு குறையவும் கூடாது, மிச்சம் நிக்கவும் கூடாது. மண்டையில என்ன களிமண்ணா?"

"இது எதுலயுமே அடங்காத நம்பர்னு தோணுது சார்."

"எனக்கே கணக்குச் சொல்லித் தர்றியா? வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு!"

அப்போதுதான் மேடையில் பேனரை விரித்துக் கட்டினார்கள். அதில் கோட் போட்டவரின் ஆளுயரப் படம், நேரில் இல்லாத பணிவோடு சிரித்தது. படத்துக்குக் கீழே இருந்ததை நாற்காலிக்காரர் நிதானமாக, உரக்கப் படித்தார்.

"1009 என்னும் பகா எண்ணின் வகுபடாத் தன்மையை முப்பது ஆண்டுகள் ஆராய்ந்த கணிதப் பேராசிரியருக்குப் பாராட்டு விழா."

படித்துவிட்டுத் திரும்பினார்.

"அப்போ ஒரே வழிதான் சார். ஒத்தை வரிசையா, தெருக்கோடி வரைக்கும் போட்டுடறேன்."