ஹரோல்ட் மாஸ்டரின் புது நடை

"அந்த நொண்டிப் பொண்ணை பேண்டுலருந்து எடுத்துடுங்க மாஸ்டர்."

பள்ளிக்கூட செக்ரட்டரி துளசிராமன் இதைச் சொன்னபோது, ஆகஸ்ட் பதினைந்து அணிவகுப்பில் கொடுத்த மிட்டாய்கூட வாயில் இன்னும் கரையவில்லை.

"பேரு மேகனா சார்," என்றார் பேண்டு மாஸ்டர் ஹரோல்ட்.

"பேரா இப்ப முக்கியம்? முப்பது பிள்ளைங்க லெஃப்ட் ரைட்டுன்னு போகுது. நடுவுல ஒண்ணு மட்டும் இழுத்து இழுத்து நடக்குது. ராபர்ட்சன்பேட்டை பஜாரே சிரிச்சுது. நாளைக்கு நான் ஜவுளிக்கடையில எப்படி உட்கார்றது?"

"ட்ரம் தப்பாம அடிக்கிறா சார்."

"கை அடிக்குது மாஸ்டர். கால் அடிக்கலையே!"

தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

ஹரோல்ட் அந்தப் பள்ளிக்கு வந்து இருபத்து நாலு வருஷம். ஒரு தடவைகூட செலக்‌ஷன் என்று வைத்ததில்லை. 'மூச்சு இருக்குதா? வா, ஊது. கை இருக்குதா? வா, அடி.' அவ்வளவுதான் அவர் சட்டம். திக்குவாய்ப் பையன் கார்னெட் ஊதினான். கண் தெரியாத பெண் நோட்டு இல்லாமலே கிளாரினெட் வாசித்தாள். நோட்டைப் பார்த்தவர்கள்தான் தப்பு விட்டார்கள்.

பள்ளி நோட்டீசில் 'எல்லாருக்கும் இசை' என்று கொட்டை எழுத்தில் அடித்தவரும் துளசிராமன்தான். அது அட்மிஷனுக்கு. அணிவகுப்பு வேறே.

"நவம்பர் ஒண்ணு, மாநிலம் பொறந்த நாள், ராஜ்யோத்சவாவுக்கு பெங்களூர்லருந்து கர்னல் வராரு. நம்ம தமிழ்க்காரர்தான். அன்னிக்கு ஒருத்தர் நடை தனியாத் தெரிஞ்சாலும் அந்தப் பொண்ணும் வேணாம், நீங்களும் வேணாம். இன்னா, புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார். யார் நடையும் தனியாத் தெரியாது."

நவம்பர் ஒன்று. மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. மேடையில் கர்னலுக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தார் துளசிராமன்.

பேண்டு வந்தது. வழக்கமான மார்ச் இல்லை. டும்... டக், டும்... டக் என்று ஒன்று நீண்டு ஒன்று குறுகும் தாளம். அதற்கேற்ப ஒரு கால் நிதானமாக, மறு கால் சட்டென்று. முப்பது தோள்களும் காற்றடித்த ராகிக் கொல்லை மாதிரி ஒன்றாய்ச் சாய்ந்து ஒன்றாய் எழுந்தன.

துளசிராமன் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு காலாகப் பார்த்தார். எதுவும் தனியாகத் தெரியவில்லை. 'மனுஷன் பயந்து அந்தப் பொண்ணை எடுத்துட்டான்' என்று நிம்மதியாகச் சாய்ந்தார்.

கூட்டம் விசிலடித்தது. கர்னல் எழுந்தே விட்டார்.

"முப்பது வருஷம் ரெஜிமென்ட்ல இருந்தவன் நான். இப்படி ஒரு நடையைப் பார்த்ததில்லையே! யார் ஐடியா?"

"நம்மதுதான் சார். கண்டவங்களைச் சேர்க்கக் கூடாதுன்னு கண்டிஷனாச் சொல்லிட்டேன்."

"ஆனா ஒண்ணு. மத்தவங்க பாடம் ஒப்பிக்கிற மாதிரி நடக்கிறாங்க. முன்வரிசையில ட்ரம் அடிச்சுது பாருங்க ஒரு பொண்ணு, அதுக்குத்தான் இந்த நடை அப்படியே பொருந்துது. கூப்பிடுங்க அதை."

துளசிராமனே மைக்கில் அழைத்தார். பெண் வந்தாள். யாரென்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளைகளின் முகமெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

மேடையிலும் அவள் அதே நடைதான் நடந்தாள்.

"பாருங்க சார், வாசிப்பு முடிஞ்சும் விடமாட்டேங்குது. அவ்ளோ டிரெயினிங்!" என்றார் பெருமையாக.

கர்னல் குனிந்து கேட்டார். "சபாஷ்மா! இந்த நடையை உனக்கு யாரு கத்துக் குடுத்தது?"

துளசிராமன் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"எனக்கு யாரும் கத்துக் குடுக்கல சார். நான் சின்னதுலருந்தே இப்படித்தான் நடக்கிறேன். மத்த இருபத்தொன்பது பேருக்குத்தான் மாஸ்டர் ரெண்டரை மாசமா கத்துக் குடுத்தாரு."