மார்புப் போர்ட் சோதனை

மார்பில் போர்ட் என்னும் மின் இணைப்புத் துளை வைத்துக்கொண்ட எல்லோருக்கும் வருடத்துக்கொரு மின்காந்தக் கசிவுச் சோதனை உண்டு. கணவன் பரிதியின் சோதனையை, ஆய்வகத்தில் வேலை பார்க்கும் குழலி தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒரு போர்ட்டையும் சும்மா விடக் கூடாது, கசிவு அதிகமாகும் நிலையில் வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது விதி. காதிலும் மணிக்கட்டிலும் இருந்த போர்ட்டுகளில் வயர்களை மாட்டினாள். மனசு பொங்கினால் கசிகிற மார்புப் போர்ட்டுக்கு மட்டும், பழகியவர்களின் குரலை ஓடவிட வேண்டும். அவள் முதலில் எடுத்தது அவன் அலுவலகத்து ஷெரினின் குரலை.

“அம்மா குரல்லதானே ஆரம்பிப்பாங்க?” என்றான் பரிதி.

“ஏன், தினமும் கூட உக்காந்து சாப்பிடறவ குரல் கசக்குதாக்கும்?”

வேறு கசிவு கலக்காமலிருக்க, சோதிப்பவர் வெளியே போய்க் கதவைச் சாத்திவிட வேண்டும். குழலி போகவில்லை. அவன் முகத்தை அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

“பரிதி, காபிக்கு வர்றீங்களா?” என்றது ஷெரினின் குரல்.

கைத்திரையில் கசிவைக் காட்டும் கோடு எல்லையைத் தாண்டி எகிறியது. கண் கலங்குவதை அவன் பார்த்துவிடாமல் குழலி வெளியே வந்து, கதவைச் சாத்தி, மறுபடி ஓடவிட்டாள்.

கோடு அசையவில்லை. மூன்றாம் முறையும் அசையவில்லை.

அவள் கை மெல்லத் தன் மார்புப் போர்ட்டுக்குப் போனது. முதல் அளவின்போது அறைக்குள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்.

“என்னாச்சு குழலி, நான் ஃபெயிலா?” என்று உள்ளேயிருந்து கேட்டான்.

“நீங்க பாஸ். ஃபெயிலானது வேற ஆளு,” என்றாள். “யாருன்னு வீட்டுல சொல்றேன். சிரிக்கக் கூடாது.”