சனிக்கிழமை வருகை

கானா நாட்டின் குமாசி நகரில் நாற்காலிப் பட்டறை நடத்தும் அப்பியா, மேஸ்திரி பாஃபோவைப் போனில் கூப்பிட்டார்.

“எத்தனை பேருடா வந்திருக்காங்க?”

“அத்தனை பேரும் வந்தாச்சு, முதலாளி. காய்ச்சல்காரன்கூட வந்துட்டான். ஊர்ல சாவுச் சடங்கெல்லாம் சனிக்கிழமைதான்னு வாராவாரம் பாதிப் பேர் கிளம்பிடுவானுங்களே, அதெல்லாம் பழைய கதை. ‘போனவன் திங்கக்கிழமை வராதே’ன்னு நீங்க ஒரு அதட்டு அதட்டினதுல உற்பத்தி ரெட்டிப்பாயிடுச்சே!”

அப்பியா, “இன்னைக்காவது அனுப்பியிருக்கலாமேடா” என்றார்.

“எப்படி முதலாளி? யார் செத்தாலும் லீவு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அப்பியா தோளில் சரிந்த கறுப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். பந்தலில் பட்டறை ஆட்களுக்கென்று போட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. அவர்கள் வீட்டுச் சாவு ஒவ்வொன்றுக்கும் தவறாமல் போய்வந்த அவர் மனைவி செர்வா, எதிரே பெட்டியில் கிடந்தாள்.