நாலு மணிக்கு மேல்

"முதல்ல அந்தக் கள்ளுக்கடையை இங்கேயிருந்து கிளப்பணும் மேடம். மத்ததெல்லாம் பிறகு பேசலாம்" என்றார் பங்குக் கோயில் நார்பர்ட்.

பிளாக் ஆபீஸிலிருந்து வந்திருந்த லேகா ஜன்னல் வழியே பார்த்தாள். பாலவாடிக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், ஓலைத் தட்டி மறைத்த கடை.

"பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு முன்னாலேயா?"

"நாலு மணிக்கு நாம பாலவாடியை அடைக்கும்போதாக்கும் தங்கையன் கடையைத் திறப்பான்" என்றாள் பஞ்சாயத்து மெம்பர் விலாசினி. "அவனுக்க பெண்டாட்டி கிருபாபாய் வைக்கிற கப்பைக்கிழங்குக்கும் மீன்கறிக்குமாக்கும் பாதிக் கூட்டம்."

"மெம்பருக்கு ருசி வரைக்கும் தெரிஞ்சிருக்கே" என்றார் வாசகசாலைச் செயலாளர் ஞானசிகாமணி.

"உமக்க வீட்டுக்குப் பார்சல் போறதை நானும் கண்டிருக்கேன் ஓய்."

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சுகுமாரி மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே சேலை முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

மூன்று தரப்பு சேர்ந்து நடத்தும் பாலவாடி அது. கட்டடம் பஞ்சாயத்துடையது. கஞ்சிக்கும் பயறுக்கும் நார்பர்ட்டின் பங்குக் கோயில் பொறுப்பு. டீச்சரை வைத்தது வாசகசாலை. இந்தக் கூட்டு ஏற்பாடு ஒழுங்காக நடக்கிறதா, வரும் வருஷமும் நீட்டிக்கலாமா என்று பார்க்கத்தான் லேகா வந்திருந்தாள். கடற்கரையில் வீடு வீடாகப் போய்த் தாய்மாரிடம் விசாரித்தும் முடித்திருந்தாள்.

எதிர்க் கடையிலிருந்து பாத்திரத்தைத் தட்டித் தாளம் போடும் சத்தம் காற்றில் சிதறி வந்தது. நடுவே ஒரு கூச்சல்.

"கேட்டியளா மேடம்? வெயில் தாழல்ல. அதுக்குள்ள பாட்டும் கூத்தும் தொடங்கியாச்சு" என்றார் நார்பர்ட்.

சுகுமாரி சட்டென்று எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அதுவும் நல்லதுதான்" என்றாள் லேகா. "இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மீன் விற்கப் போகிற பெண்கள் காஞ்சிரங்குளம் சந்தையிலிருந்து திரும்ப அஞ்சரை, ஆறு மணி ஆகுது. அதுவரை அவங்க பிள்ளைகளை இங்கே உள்ளவங்க பாத்துக்கிறாங்க, வயிறு வாடாம ஏதாவது கொடுக்கிறாங்கன்னு போன வீட்டிலெல்லாம் சொன்னாங்க. வேற எந்த ஊரிலும் இது இல்லை. நம்ம திட்டத்திலும் இது இல்லை. உங்க மூணு தரப்பில் இதை ஏற்பாடு செய்தது யாரு?"

நார்பர்ட் விலாசினியைப் பார்த்தார். விலாசினி ஞானசிகாமணியைப் பார்த்தாள். ஞானசிகாமணி கூரையைப் பார்த்தார்.

"கோயில்லேருந்து செய்யுதுன்னுல்லா நான் நெனச்சேன்" என்றாள் விலாசினி.

"பஞ்சாயத்து ஆள் வச்சிருக்குன்னு நான்..." என்று நார்பர்ட் இழுத்தார்.

யாரென்று சுகுமாரிக்குத் தெரியும். சொன்னால் நாளைக்கே நின்றுபோகும். நின்றுபோனால் அந்தப் பிள்ளைகள் பூட்டிய குடிசைகளின் வாசலில், அலைக்குப் பக்கத்தில், ஆறு மணிவரை காத்துக் கிடக்கும். சொல்லாமலிருந்தால்? அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் துணிவில்லை.

"அப்போ டீச்சர்தான்" என்றாள் லேகா.

"நானில்லை மேடம்."

"பாத்தியளா? ஒத்துக்கவே மாட்டா. அவளுக்க குணம் அப்படியாக்கும்" என்று ஞானசிகாமணி கை தட்ட, மற்ற இருவரும் சேர்ந்து தட்டினார்கள். அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் சுகுமாரியின் முகம் சிறுத்துப்போனது.

"இந்த ஒரு காரியத்துக்காகவே நீட்டிக்கச் சொல்லி எழுதுவேன்" என்றாள் லேகா. "ஆனா ஒருநாள்கூட இது தடைப்படக் கூடாது. நீங்கதான் பொறுப்பு டீச்சர்."

கள்ளுக்கடையை அகற்றக் கோரும் தீர்மானம் கைமாறி வந்தது. மூவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சுகுமாரி பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

"இதை அடுத்த கூட்டத்தில வச்சுக்கலாமா?"

"ஏன், தங்கையன் டீச்சருக்குச் சொந்தமா?" என்றாள் விலாசினி.

"இல்லை."

"பின்னே என்னவாக்கும்?"

சுகுமாரி தாளை மேசையில் தள்ளி வைத்தாள். மேலே மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. புழுக்கம் தாங்காமல் லேகா எழுந்து ஜன்னலைத் திறந்தாள்.

காஞ்சிரங்குளம் பஸ் ஒன்று வந்து நின்று நகர்ந்தது. தலையில் காலி மீன்சருவத்தோடு இறங்கிய பெண், இருபுறமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்தாள். நேராகக் கள்ளுக்கடையின் பக்கவாசலுக்குள் நுழைந்தாள்.

நார்பர்ட் மேசையில் ஓங்கித் தட்டினார். "எனக்க பங்கில உள்ளவளாக்கும், எமில்டா! மேடம், இப்போ பெண்ணுங்களும் கேறத் தொடங்கியாச்சு. அதுவும் பக்கவாசல் வழியா! இதுக்கு மேலயும் கையெழுத்துப் போட யோசிப்பியளா டீச்சர்?"

சுகுமாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலையே பார்த்தாள்.

பக்கவாசல் தட்டியைத் தள்ளிக்கொண்டு எமில்டா வெளியே வந்தாள். அவள் இடுப்பில், தலை சீவிப் பவுடர் போட்ட அவளுடைய மகள் ஜிஜி. உள்ளே, தாய் இன்னும் வராத மற்றப் பிள்ளைகள் பாத்திரத்தைத் தட்டி பாலவாடிப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, கையில் கரண்டியோடு வாசல்வரை வந்த கிருபாபாய், "நாளைக்கும் நேரத்தோட வரணும், கேட்டியா மக்கா" என்றாள்.