அடியில் கீறிய பெயர்

“எந்த அறிவாளி வேலை இது?”

கிருமாம்பாக்கத்து மண்பாண்டப் பயிற்சிக் கொட்டகையில் மாஸ்டர் கலைவேந்தன் கத்தினார். சூளையிலிருந்து எடுத்த தட்டில் ஒரு குவளை ஒட்டிக்கொண்டிருந்தது. பளபளப்புக்காக மேலே பூசும் கிளேஸ் கண்டபடி வழிந்திருந்ததால் யார் செய்தது என்றே தெரியவில்லை.

“அடியில கிளேஸ் பட்டா துடைச்சிட்டு வைக்கணும்னு தலைபாடா அடிச்சிக்கினேன். செல்வகுமாரி, நீதானே?”

“நான் துடைச்சிட்டுத்தான் வச்சேன் சார்.”

“சக்கரத்துல மண்ணை நடுவுல நிறுத்தவே மூணு வாரம் ஆச்சு உனக்கு. வேற யாரு செய்வாங்க?”

செல்வகுமாரி பல்லைக் கடித்தாள். இப்போதுதான் அவள் கைக்கு மண் படிய ஆரம்பித்திருந்தது.

“எல்லாரும் அடியில பேரு கீறியிருக்கோம்ல?” மாஸ்டர் உளியை எடுத்தார். “ பேத்துப் பார்ப்போம். யாரு பேரு இருக்கோ அவங்க பையை எடுத்துக்கினு கெளம்பணும். வாசல்லயே பஸ்ஸு நெறைய வருது.”

“வேணாம் சார், பேக்காதீங்க.”

“இன்னா, பயமா?”

“சொன்னா கேளுங்க சார். இத்தோட வுட்டுடுங்க.”

“பாத்தீங்களா, மாட்டிக்கினா!”

உளியை வைத்து ஓங்கி அடித்தார். குவளை பெயர்ந்து வந்தது. புரட்டிப் பார்த்தவர் சட்டென்று அடியைக் கையால் மூடினார்.

“யாரு பேரு சார்?” என்றாள் பக்கத்துச் சக்கரத்து மஞ்சுளா.

குவளையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அது நுழையவில்லை.

“போன் பேசிக்கினே நீங்க அதை கிளேஸ்ல முக்கி, அடியைத் துடைக்காம வச்சப்பவே சொல்ல வந்தேன் சார். கையக் காட்டி போகச் சொல்லிட்டீங்க” என்ற செல்வகுமாரி, ஆணியில் தொங்கிய அவருடைய பையை எடுத்து நீட்டினாள்.

“பஸ்ஸு நெறைய வருது சார்.”