இரண்டாவது சுற்று

வெளிநாட்டு முதலாளிகளுக்குத் தீவைச் சுற்றிக்காட்டுவதுதான் இளவேனிலின் வேலை. முக்கால் மணி நேரத்தில் நாடே முடிந்துவிடும். பெரிய நாடாகத் தெரியட்டும் என்று டிரைவர் சவரிமுத்து அதே சாலைகளில் இன்னொரு சுற்று விடுவார். இன்று வந்திருக்கும் முதலாளி இந்த மாதத்தில் ஒன்பதாவது ஆள். சிரித்துச் சிரித்து அவளுக்குத் தாடை வலித்தது. முதல் சுற்றில் தூங்கிப்போன மனிதர், இரண்டாவதில் விழித்துக்கொண்டு ஓர் அடுக்குமாடியைக் காட்டினார். "இந்த இடம்தான் வேண்டும். காலி செய்து தருவீர்களா?"

அது அவள் குடியிருக்கும் கட்டடம்.

"ஒரு சுத்தோட நிறுத்தியிருக்கலாம்ல அண்ணே?" என்றாள் தமிழில்.

"முடியாதுன்னா உன் வேலை போயிடும் பாப்பா. சரின்னு சொல்லித் தொலை."

"தருவோம் சார்," என்றாள்.

ஆபீஸ் வண்டியைக் கண்டதும் நாலாம் மாடியிலிருந்து அம்மா வழக்கம்போலக் கையசைத்தாள்.

"அன்பான மக்கள்," என்று அவரும் கையசைத்தார்.