ஆம் பக்கத்து அம்பு

படம் வரைய வந்தவள் கடிகாரத்தை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருப்புச் சாயம் ஓடிய கலனைக் கழுவியாயிற்று. உள்ளே இறங்கிக் கழுவிய ஆட்கள் ஏணியில் ஏறி வெளியே வந்து டீக்குப் போயாயிற்று. மூடியை மூடி வெந்நீர் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

பாவாயி மூடவில்லை. கலனுக்குள் குனிந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க."

கூப்பிட்டுவிட்டு நிமிரவும் இல்லை. காதை உள்ளே கொடுத்தபடி நின்றாள்.

பிறகு, இன்றைக்கும் இல்லை என்பதுபோல, மூடியை இழுத்துச் சாத்தினாள்.

வரைய வந்தவள் தாளில் எழுதினாள்: காத்திருத்தல். சிவப்பு மை.

சாயப்பட்டறையில் எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்று கட்டம் கட்டமாக வரைவதற்காக அவளை வரவழைத்திருந்தார்கள். வீணாகிற நேரத்துக்குச் சிவப்பு. சிவப்பு பட்டால் அந்த வேலை போய்விடும். இதுவரை எந்தச் சிவப்புக்கும் அவள் தூக்கம் கெட்டதில்லை.

டீ குடிக்கும்போது நூல் எடை போடுகிறவரிடம் கேட்டாள். எல்லோரும் வெளியே வந்த பிறகு பாவாயி யாரைக் கூப்பிடுகிறார்?

"அவங்க ஊட்டுக்காரரைங்க."

சொல்லிவிட்டு அவர் டம்ளரையே பார்த்தார். மீதியைப் பிய்த்துப் பிய்த்துத்தான் சொன்னார்.

பாவாயியின் கணவன் செங்கோடன் உள்ளே கழுவிக்கொண்டிருந்தபோது யாரோ மூடிவிட்டார்கள். வெந்நீரையும் திறந்துவிட்டார்கள். யார் என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

காரியம் முடிந்து, பாவாயிக்கு என்ன வேலை வேண்டும் என்று பட்டறையில் கேட்டார்கள். நிழலில் உட்கார்ந்து நூல் பிரிக்கிற வேலை காலியாக இருந்தது. பாவாயி மூடி போடுகிற வேலையைக் கேட்டு வாங்கினாள்.

வரைய வந்தவள் அன்று தாளை மறுபடியும் எடுத்தாள்.

சிவப்பை அழித்தாள். அந்த இடத்தில் ஒரு சாய்சதுரம் போட்டாள். கேள்வி வருகிற இடத்தில் அப்படித்தான் போடுவார்கள். உள்ளே எழுதினாள்: பதில் வந்ததா?

'இல்லை' பக்கம் ஓர் அம்பு. மூடவும். அது சுலபம்.

மேனேஜர் நல்லசிவம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஒழுங்குப் பைத்தியம், அவ்வளவுதான்.

"கேள்வின்னா ரெண்டு வழி இருக்கோணுமில்லம்மா? ஆமாங்கற பக்கம் ஒண்ணையுங் காணோமே. அதை எழுதிப் போடுங்க. இல்லாட்டி இந்தக் கட்டத்தையே எடுத்துப்போட்டு, மூடிக்கு மோட்டார் வெச்சுக்கலாம்."

மோட்டார் வந்தால் மூட ஆள் வேண்டாம். கூப்பிடவும் ஆள் வேண்டாம்.

பாவாயியிடம் போய் நின்றாள். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. எப்படியோ கேட்டுவிட்டாள்.

"பதில் வந்தா என்னக்கா பண்ணுவீங்க?"

பாவாயி அழவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருத்தியாவது கேட்டாளே என்று அவளைப் பார்த்தாள்.

"அப்பறம் மூட மாட்டனுங்க அம்மிணி."

'ஆம்' பக்கம் ஓர் அம்பு போட்டு அதையே எழுதினாள். பதில் வந்தால் மூடக் கூடாது. யார் சொன்னாலும் மூடக் கூடாது. இரண்டாவது வரி அவளாகச் சேர்த்தது.

நல்லசிவம் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். பாதுகாப்புக்கு ரொம்ப நல்லது என்று பாராட்டவும் செய்தார்.

படத்தைக் கலனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். பாவாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'ஆம்' பக்கத்தை மட்டும் மறுபடியும் படித்தாள்.

மத்தியானம். தகரக் கூரைக்குக் கீழே நல்ல வெளிச்சம். கலனைக் கழுவியாயிற்று. கழுவிய ஆட்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள்.

பாவாயி குனிந்து கூப்பிட்டாள்.

காதைக் கொடுத்து நின்றாள்.

நிமிர்ந்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டாள். முந்தானையைச் சரி செய்தாள்.

மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கீழே வால்வு திறக்கிறவர், மூடியாயிற்றா என்று குரல் கொடுத்தார். பாவாயி சுவரில் இருந்த 'ஆம்' பக்கத்து அம்பைக் காட்டினாள்.

நல்லசிவம் தானே ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தார். இறங்கி வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

எல்லோரும் வரைய வந்தவளைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுதியவள் அவள்தானே. அவள் சொன்னால் மூடிவிடலாம்.

அவளும் ஏறிப் பார்த்தாள். கலன் காலியாகத்தான் இருந்தது.

மூடுங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.